எத்தனை குதிரை

ஏர்கண்டிஷன் போட எத்தனை குதிரை வேண்டும்
என்று கேட்டார் பொருளாளர் மாசிலாமணி.
சுங்கை மெர்பாவ் லுத்தரன் கோயில்.
நீளம் அறுபத்திரண்டு அடி, அகலம் இருபத்தெட்டு.
நாடாவின் மறுமுனையில் ஹஃபிஸ்,
பீடத்துக்கு இரண்டடி முன்னால்,
யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டு.

உயரத்தைத்தான் எழுத முடியவில்லை.
ஓரத்தில் பதினான்கு. நடுவில் முப்பதைத் தாண்டி
கூரைக்கு மேல் ஒரு குட்டிக் கூரை,
இரண்டுக்கும் இடையே ஒரு சாண் வானம்.
சூடு ஏறிப்போக வழி விட்டிருக்கிறான் கட்டியவன்.
சுவர் உச்சியும் கூரையோடு ஒட்டவில்லை,
கையை நீட்டினால் மழை படும்.
சன்னலில் கண்ணாடி கிடையாது, சாய்த்த பலகைகள்.
இது கட்டடமே இல்லை என்றான் ஹஃபிஸ்,
தூண் வைத்த காற்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று
என்கிறது வாசல் கல்.
தரங்கம்பாடியிலிருந்து வந்த படத்தில் கோபுரம் இருந்ததாம்.
துரை கொடுத்ததோ சதுப்போர மூலை.
கோபுரம் வைத்தால் ஆற்றுப் பக்கம் சாயும் என்று
சீனக் கொத்தனார் கையை ஆட்டிவிட்டார்.
அதனால் மணி மட்டும் வெளியே ஒரு மரச்சட்டத்தில்
காவல் நாய் மாதிரி நிற்கிறது.
செங்கல், புகைக்கூடம் கட்டி மிஞ்சியது.
உத்திரம் செங்கால் மரம்,
ஆணி அடித்தால் வளைவது ஆணிதான்.
என் டிரில் முனை இரண்டு உள்ளேயே முறிந்து போயின.

குழாய் இறக்க இடம் தேடி வடசுவரைத் தட்டினேன்.
ஓரிடத்தில் சத்தம் மாறியது.
சுண்ணாம்புக்கு அடியில் ஒரு வளைவு,
மூன்றடி அகலம், ஆறரை உயரம்.
செங்கல் வரிசை கோணல்மாணல்.
தொழில் தெரிந்த கை அடைத்ததில்லை.

மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அது பால்வெட்டுச் சனங்க வந்த வாசல்.
கிராணிமார், வாத்தியார் வீட்டுக்காரங்க மேற்கே.
ஆண்டவர் ஒருத்தர்தான், கிண்ணம்தான் ரெண்டு."
நான் மாரியம்மன் கோயில் பிள்ளை.
வாசல் கணக்கு எனக்கும் தெரியும். பேசாமல் இருந்தேன்.

சயாம் ரயிலுக்கு இங்கிருந்து எழுபத்தெட்டுப் பேர்.
சண்டை முடிந்து திரும்பியது பத்தொன்பது.
அவர்கள் வந்த முதல் ஞாயிறு
கிராணி சுவிசேஷமுத்து
(அந்த எழுபத்தெட்டுப் பேரையும் பட்டியலில் எழுதியது
அவர் கைதான்)
முதல் ஞானப்பாட்டு முடியுமுன் எழுந்து போய்
வடக்கு வாசலில் குந்தி உட்கார்ந்து
சாந்து குழைத்துச் செங்கல் அடுக்கினாராம்,
ஒரே வெள்ளைக் கால்சட்டையோடு.
ஐயர் பிரசங்கத்தைப் பாதியில் விட்டார்.
நாலாவது வரிசை ஏறும்போது
புண் ஆறாத காலை இழுத்துக்கொண்டு ஆரோன் வந்தான்.
செங்கல் எடுத்துக் கொடுத்தான் என்பார்கள் சிலர்.
வைத்ததைப் பிடுங்கி எறிந்தான் என்பார்கள் சிலர்.
சபைக்குள் இன்றுவரை இரண்டு கட்சி.
"ரெண்டும் நடந்திருக்கும்" என்றார் மாசிலாமணி.
அன்றைக்கு வடக்கே நுழைந்தவர்கள்
மேற்கே வெளியேறினார்கள். அது மட்டும் நிச்சயம்.

இப்போது கித்தா இல்லை, சுற்றிலும் செம்பனை.
ஞாயிறுக்கு முப்பது பேர்.
ஷா ஆலமிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வியர்க்கிறது.

மூன்று குதிரை வீதம் ஆறு என்று எழுதினேன்.
கூரைப் பிளவை அடைக்க ஒரு விலை,
சன்னலை அடைக்க ஒரு விலை,
சுவர் உச்சியை அடைக்க ஒரு விலை.
வடசுவருக்கு வந்ததும் பேனா நின்றது.
"அந்த வாசலைத் திறந்தால் ஆற்றுக்காற்று நேரே வரும்.
குதிரையே வேண்டாம், ஐயா."

"திறக்கணும்னா கூட்டம் போடணும் தம்பி."

"அடைக்கும்போது போட்டார்களா?"

அவர் மழையைப் பார்த்தார்.

இரண்டு பட்டியல் கொடுத்துவிட்டு வந்தேன்.
இரண்டாவதில் ஒரே வரி:
கடப்பாரை, ஒரு நாள் கூலி.
நாலு மாதமாகப் பதில் இல்லை.
என் டிரில் முனைகள் இன்னும் அந்த உத்திரத்தில்.